ஐடி பிளாக்: வராமல் பார்ப்பதும், வந்தால் திறக்க வைப்பதும் - சேலம், ஏற்காடு ஓட்டுநர்களுக்கு

டாக்ஸி செயலியில் நம் ஓட்டுநர் கணக்கு, அதாவது ஐடி, நின்றுபோனால் ‘ஐடி ஆஃப் ஆயிருச்சு’ என்று ஸ்டாண்டில் எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். செயலிக்குள் அது ஐந்து வேறு விஷயம். பேப்பர் தேதி முடிந்து நிற்பது, கமிஷன் பாக்கியில் நிற்பது, செல்ஃபி பொருந்தாமல் நிற்பது, கஸ்டமர் புகாரால் விசாரணை முடியும்வரை நிற்பது, மோசடி என்று முடிவு கட்டி நிரந்தரமாக நிறுத்துவது. முதல் இரண்டும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். கடைசி வகை வாரக்கணக்கில் இழுக்கும். சில நேரம் திறக்கவே திறக்காது. எந்த வகை என்று பார்க்காமல் ‘சார், குடும்பக் கஷ்டம், ஐடி ஓபன் பண்ணுங்க’ என்று எழுதுவதால்தான் பல முறையீடுகள் முதல் பதிலோடு முடிந்துபோகின்றன.

முறையீட்டைப் படிப்பவர் உங்களைப் பார்த்ததில்லை. சேலமே அவருக்கு ஒரு வரைபடப் புள்ளிதான். அவர் திரையில் இருப்பது ட்ரிப் எண், ஜிபிஎஸ் கோடு, கஸ்டமர் எழுதிய இரண்டு வரி, உங்கள் பழைய கணக்கு. அந்தப் பதிவை மாற்றும் இன்னொரு பதிவைக் கொடுத்தால்தான் அவரால் எதையும் செய்ய முடியும். கீழே உள்ளதெல்லாம் அந்தப் பதிவை எப்படிச் சேர்ப்பது, எப்படிக் கொடுப்பது என்பது பற்றித்தான்.

பேப்பர்

டி போர்டு (வாடகை) வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, ரோடு டாக்ஸ், ஓட்டுநர் லைசென்ஸ். இதில் ஒன்றின் தேதி முடிந்தாலும் அன்று இரவு 12 மணிக்குச் செயலி தானாக நிறுத்தும். வண்டி 8 வயது ஆகும்வரை எஃப்.சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடா வருடம். எட்டாம் வருடம் முடிந்த வண்டிக்காரர்கள் இங்கேதான் மறப்பார்கள். ‘போன வருஷம்தானே காட்டினோம்’ என்ற நினைப்பு. பெர்மிட் 5 வருடம், டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருடம். பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிக்குப் புகைச் சான்று ஒரு வருடம்.

புதுப்பித்த பேப்பரைக் கடைசி நாளில் ஏற்றாதீர்கள். சரிபார்ப்புக்கு இரண்டு மூன்று நாள் போகும். இடையில் ஞாயிறு வந்தால் இன்னும் ஒரு நாள். 10 நாள் முன்னாலேயே ஏற்றுங்கள். போட்டோ எடுப்பதைவிட டிஜிலாக்கரிலிருந்தும் இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய மின்னஞ்சலிலிருந்தும் பிடிஎஃப் எடுத்து ஏற்றுவது நல்லது. போட்டோதான் என்றால் நான்கு மூலையும் தெரிய வேண்டும், பிளாஷ் வெளிச்சம் தேதி மேல் விழக்கூடாது. இன்ஷூரன்ஸில் பணம் கட்டிய ரசீதை ஏற்றி நிராகரிக்கப்படுவது அடிக்கடி நடப்பது. கேட்பது பாலிசியில் வண்டி எண், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி மூன்றும் இருக்கும் பக்கம்.

இன்னொரு சங்கிலி இருக்கிறது. இ-சலான் கட்டாமல் விட்டால் வாகன் என்ற அரசு வண்டிப் பதிவுத் தளத்தில் வண்டி எண்ணுக்குத் தடை விழும். தடை இருந்தால் எஃப்.சி. புதுப்பிக்க முடியாது. எஃப்.சி. இல்லாவிட்டால் ஐடி நிற்கும். ஐந்து ரோட்டில் சிக்னல் தாண்டியதற்கு வந்த சலான், நான்கு மாதம் கழித்து ஐடியை நிறுத்துவது இப்படித்தான். மாதம் ஒருமுறை வண்டி எண்ணைப் போட்டு இ-சலான் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

பேட்ஜ், அதாவது வாடகை வண்டி ஓட்டும் தனி அனுமதி, பற்றி ஒரு வார்த்தை. 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டியை எல்.எம்.வி. (இலகு ரக வண்டி) லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம், தனி டிரான்ஸ்போர்ட் அனுமதி வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. இன்ஷூரன்ஸ் கிளெய்முக்கு அது பெரிய உதவி. ஆனால் செயலியின் படிவத்தில் பேட்ஜ் கேட்டிருந்தால், தீர்ப்பைக் காட்டி ஹெல்ப் சாட்டில் வாதாடுவது நேர விரயம். பேட்ஜ் இருந்தால் ஏற்றிவிட்டு ஓட்டப் போங்கள்.

இனிஷியல் தகராறு

இது நம்மூருக்கே உரிய சிக்கல். ஆதாரில் ‘குமார் ஆர்’, லைசென்ஸில் ‘ஆர் குமார்’, பாஸ்புக்கில் ‘குமார் ராமசாமி’. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். ஆங்கில எழுத்துக் கூட்டலும் மாறும்: செந்திலுக்கு ஓரிடத்தில் எச் இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. முதலில் சேரும்போது இதை யாரும் கண்டுகொள்வதில்லை. பேங்க் கணக்கு மாற்றும்போதோ மறு சரிபார்ப்பின்போதோ ‘விவரம் பொருந்தவில்லை’ என்று நிற்கும். சில சமயம் அதுவே ‘போலி ஆவணம்’ என்ற பெயரில் மோசடிப் பட்டியலுக்குப் போய்விடும். அதுதான் ஆபத்து.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். ஆகவே ஆதாரை அப்படியே வைத்துக்கொண்டு, லைசென்ஸை சாரதி என்ற அரசு லைசென்ஸ் தளம் வழியாகவும் பாஸ்புக்கைக் கிளையில் மனு கொடுத்தும் ஆதாருக்கு ஒத்துவரச் செய்யுங்கள். மாறும் வரைக்கும் மூன்று பேப்பரையும் ஒரே பிடிஎஃப்-ஆக்கி, ‘மூன்றும் ஒரே நபர், இனிஷியல் எழுதும் முறைதான் வேறு’ என்று செயலியின் ஹெல்ப்பில் ஒரு டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். பிளாக் ஆவதற்கு முன்பே போட்ட டிக்கெட்டுக்கு, பின்னால் போடும் பத்து டிக்கெட்டைவிட மதிப்பு அதிகம்.

செல்ஃபி

ஆன்லைன் போகும்போது செயலி திடீரென்று முகம் கேட்கும். கேட்கும் நேரம் நம் கையில் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு ஜங்ஷன் வாசலில், மங்கல் விளக்கில், மங்கி கேப்போடு எடுத்தால் பொருந்தாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஏற்காட்டில் குளிருக்கு மஃப்ளர் சுற்றியிருப்பவர்களுக்கும் இதே கதி. வண்டியை ஓரமாக நிறுத்தி, உள் விளக்கைப் போட்டு, கேமரா கண்ணாடியைத் துடைத்து, தொப்பி மஃப்ளர் எல்லாம் எடுத்துவிட்டு எடுங்கள். விளக்கு முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் அல்ல.

பழனிக்கு மொட்டை போட்டு வந்தவர்கள், கார்த்திகையில் மாலை போட்டு ஒன்றரை மாதம் தாடி வளர்த்தவர்கள், மாலை கழற்றி வழித்தவர்கள் - இவர்களுக்கு இது தவறாமல் வரும். முகம் மாறிய அன்றே, செயலி கேட்பதற்கு முன்னால், புரொஃபைல் போட்டோவை மாற்றக் கோரிக்கை போடுங்கள். புதுப் படத்தோடு லைசென்ஸைக் கையில் பிடித்தபடி ஒரு படமும் இணையுங்கள். இரண்டு முறை பொருந்தவில்லை என்றால் மூன்றாவது முறை அழுத்த வேண்டாம். தொடர் தோல்வி என்பது ‘வேறு ஆள் ஓட்டுகிறார்’ என்ற சந்தேகமாகப் பதிவாகும். அன்றைக்கு நிறுத்திக்கொண்டு ஹெல்ப்புக்குப் போங்கள்.

ஆக்டிங் டிரைவர், தம்பி, மச்சான்

நிரந்தர பிளாக்குக்கு இட்டுச்செல்லும் வேலைகளில் முதலிடம் இதற்கு. ‘நைட்டு மட்டும் தம்பி ஓட்டுவான், ஐடி ஒண்ணுதான்.’ கஸ்டமர் ஏறியதும் படத்தையும் ஆளையும் பார்க்கிறார், பொருந்தவில்லை என்று ஒரு பட்டனை அழுத்துகிறார், அவ்வளவுதான். இது பாதுகாப்புப் புகார் என்பதால் விசாரணையே பெரும்பாலும் இருக்காது. ‘உடம்பு சரியில்லை, ஒரு நாள்தான்’ என்ற விளக்கம் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவே எடுத்துக்கொள்ளப்படும். விபத்து நடந்தால் செயலி தரும் காப்பீடும் கைகொடுக்காது.

ஒரு வண்டியை இருவர் ஓட்ட வேண்டும் என்றால் வழி இருக்கிறது. ஓனர் கணக்கு ஒன்று, அதன் கீழ் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் தனி ஐடி. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு சிம், ஆளுக்கொரு போலீஸ் சரிபார்ப்புச் சான்று. நான்கு நாள் அலைச்சல். ஐடி வாடகைக்கு விடுவது, வாங்குவது இரண்டுக்கும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மலை ஏறும் சவாரி

சேலத்து ஓட்டுநருக்கு மட்டும் வரும் பிளாக்குகள் இங்கேதான் பிறக்கின்றன. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. வழியில் பல இடங்களில் சிக்னல் இல்லை. ஜிபிஎஸ் வளைவுக்கு வளைவு தாவும்; ஒரு வளைவிலிருந்து மேலே உள்ள வளைவுக்கு நேராகக் கோடு இழுத்துவிடும். அந்தப் பக்கம் பார்ப்பவருக்கு அது ‘போலி ஜிபிஎஸ்’ மாதிரித் தெரியும், அல்லது சம்பந்தமில்லாத இடத்தில் நீண்ட நேரம் நின்ற மாதிரி.

ஏறும் முன்னால் செய்ய வேண்டியவை. போனில் டெவலப்பர் ஆப்ஷன் ஆஃப். இருப்பிடத்தை மாற்றிக் காட்டும் செயலி, ஒரே செயலியை இரண்டாக ஓடவைக்கும் குளோன் செயலி எது இருந்தாலும் நீக்கிவிடுங்கள். பயன்படுத்தாமல் போனில் சும்மா இருந்தாலே மாட்டும். பேட்டரி சேவர் ஆஃப், செயலிக்கு இருப்பிட அனுமதி ‘எப்போதும்’. ஏற்காடு பகுதி வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் மீட்டரைப் புறப்படும்போது ஒரு போட்டோ, இறக்கிவிட்டதும் ஒரு போட்டோ. போட்டோவில் நேரமும் இடமும் பதியும்படி கேமரா செட்டிங்கில் வைத்திருங்கள். கட்டணத் தகராறு, வழி மாறிய புகார் இரண்டுக்கும் இந்த இரண்டு படம் போதும்.

சிக்னல் இல்லாத இடத்தில் ட்ரிப்பை முடிக்க வேண்டாம். ஏரிப் பக்கம் சிக்னல் வந்ததும் முடியுங்கள். கஸ்டமர் கண்முன்னே திரையைக் காட்டி, ‘இப்பதான் முடிக்கிறேன், தொகை இதுதான்’ என்று சொல்லிவிட்டு முடிப்பது உத்தமம். கீழே வந்தபின் சிக்னல் கிடைத்து ட்ரிப் முடிந்தால் 30 கிலோமீட்டர் கூடுதலாக ஏறும், கூடவே ‘அதிகக் கட்டணம்’ என்ற புகாரும் ஏறும்.

‘லேடீஸ் சீட்ல ரெண்டு நிமிஷம், பகோடா பாயிண்ட் பார்த்துட்டுப் போயிரலாம்’ என்பார்கள். இரண்டு நிமிஷம் நாற்பது நிமிஷமாகும். ஒற்றை டிராப்பில் இப்படி நிற்பது செயலிக்கு அசாதாரணம். நிறுத்தத்தைக் கஸ்டமரையே அவர் போனில் சேர்க்கச் சொல்லுங்கள். சுற்றிப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்றால் ரென்டல் அல்லது அவுட்ஸ்டேஷன் புக்கிங்காகப் போடச் சொல்லுங்கள். கோடை விழா நாட்களில் போலீஸ் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். குப்பனூர் வழி சுற்ற வேண்டி வந்தால் தடுப்புப் பலகையை ஒரு படம் எடுத்து, கஸ்டமருக்குச் செயலியின் சாட்டிலேயே ஒரு வரி அனுப்புங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் கணக்கில் வராது.

ஏ.சி. பெரிய புகார்ச் சாமான். மலை ஏறும்போது சின்ன இன்ஜின் வண்டியில் இழுவை குறையும், சூடு ஏறும், ஏ.சி.யை அணைப்போம். கஸ்டமருக்கு அது ‘காசு வாங்கிட்டு ஏ.சி. போடல’. அடிவாரத்திலேயே சொல்லிவிடுங்கள், மேலே காற்று குளுகுளுவென்று இருக்கும் என்பதையும் சேர்த்து. அவர் வேண்டும் என்றால் போட்டுவிட்டு மெதுவாக ஏறுங்கள்.

இறங்கும்போது பிரேக்கிலேயே வராமல் இரண்டாம் கியரில் வாருங்கள். போன் சென்சாரை வைத்துத் திடீர் பிரேக்கைக் கணக்கெடுக்கும் செயலிகள் உண்டு. போனை டேஷ்போர்டில் சும்மா வைத்தால் வளைவில் சறுக்கி விழும். சென்சாருக்கு அது மோதல் மாதிரி இருக்கும். ஹோல்டர் திருகு இறுக்கமாக இருக்கட்டும். மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கு முதல் வழி என்பது 2017-ம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் உள்ளது. இறங்கும்போது நீங்கள் நின்று வழிவிடுவதைக் கண்டு கஸ்டமர் முகம் சுளித்தால் காரணத்தைச் சொல்லுங்கள்.

திரும்பி வரும் காலி ஓட்டம்தான் உண்மையான பிரச்சினை. ஏற்காட்டில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாக இறங்குவது கட்டாது, உண்மை. அதற்காகப் பிக்கப் இடத்தில் ‘ரிட்டர்ன் காசு தனியா குடுங்க’ என்று கேட்டால் அது கூடுதல் வசூல் புகார். கட்டாத சவாரியை, சேருமிடம் திரையில் தெரியும்போதே எடுக்காமல் விட்டுவிடுங்கள். எடுக்காமல் விடுவது ஒரு சின்னக் கீறல். எடுத்துவிட்டு, போன் போட்டு ‘எங்க போகணும், கேஷா ஆன்லைனா’ என்று கேட்டுக் கேன்சல் செய்வது பெரிய கீறல். கேன்சல் செய்யச் சொல்லிவிட்டு அதே கஸ்டமரைத் தனியாக ஏற்றிப்போவது எல்லாவற்றிலும் மோசம்: கேன்சல் ஆன பின்னும் உங்கள் போனும் அவர் போனும் ஒரே ரோட்டில் ஒரே வேகத்தில் போவது பதிவில் தெரியும்.

ஊருக்குள்

பேருந்து நிலைய வாசல், ரயில் நிலைய வாசல் போன்ற இடங்களில் நிறுத்த முடியாமல் கஸ்டமரை வெளியே வரச் சொல்கிறோம். ‘பிக்கப்புக்கு வரவில்லை’ என்று புகார் போகிறது. செயலி சாட்டில் ‘நான் இன்ன கடை முன்னால் நிற்கிறேன்’ என்று எழுதி, வந்துவிட்டேன் பட்டனைச் சரியாக அந்த இடத்தில் அழுத்துங்கள். செவ்வாய்ப்பேட்டையில் லாரி நெரிசலில் மாட்டினாலும் அப்படித்தான்.

கேஷ் ட்ரிப் கமிஷன் பாக்கி வரம்பைத் தாண்டினால் சவாரி வராது. பணம் கட்டினால் திறக்கும். முறையீடு தேவையில்லை.

பிளாக் ஆன அன்று

முதலில் கை வைக்கக் கூடாதவை: செயலியை அழிக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள், வேறு போனில் லாகின் செய்யாதீர்கள், புது நம்பரில் புது ஐடி போடாதீர்கள். ஆதார், லைசென்ஸ், ஆர்.சி., பேங்க் கணக்கு, போன் அடையாள எண் எதிலாவது ஒன்று பழையதோடு ஒட்டும். ஒட்டியதும் புது ஐடியும் போகும், வண்டி எண்ணும் கறுப்புப் பட்டியலில் ஏறும். அதன்பின் அந்த வண்டியை யார் பெயரில் போட்டாலும் ஓடாது.

செய்ய வேண்டியவை. திரையில் வந்த செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எஸ்எம்எஸ், மின்னஞ்சல், ஸ்பேம் பெட்டி எல்லாம் பாருங்கள். காரணம் பல நேரம் மின்னஞ்சலில்தான் இருக்கும். ட்ரிப் வரலாறு இன்னும் திறந்தால் கடைசி ஏழு நாள் ட்ரிப் அத்தனையும் ஸ்கிரீன்ஷாட்: எண், நேரம், தொகை, ரேட்டிங். பிறகு அந்தப் பக்கம் பூட்டப்படலாம். ஹெல்ப் சாட்டில் நடந்த பேச்சையும் எடுத்துவிடுங்கள்.

டேஷ் கேமரா இருந்தால் உடனே கார்டை வெளியே எடுங்கள். 64 ஜிபி கார்டில் 1080பி பதிவு ஏறத்தாழ 8 முதல் 10 மணி நேரம்தான் நிற்கும்; அதன்பின் பழையதன் மேலேயே எழுதும். ‘அடுத்த நாள் பார்த்துக்கலாம்’ என்றால் போயே போச்சு.

அடுத்து, எந்தப் புகாருக்கு எது சான்று.

மது அருந்தியதாகப் புகார் என்றால் நேரம்தான் எல்லாம். மோட்டார் வாகனச் சட்டம் 185-ம் பிரிவின்படி வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. தகவல் வந்த உடனே, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், பக்கத்து ஸ்டேஷனில் போய் ஊதிக் காட்டிப் பதிவு கேளுங்கள். முடியவில்லை என்றால் ரத்த ஆல்கஹால் பரிசோதனை செய்யும் லேபுக்குப் போங்கள். ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம் இருக்க வேண்டும். மறுநாள் எடுத்தால் யாருக்கும் பயனில்லை, ஏனென்றால் குடித்தவருக்கும் அப்போது பூஜ்யம்தான் வரும்.

‘அந்த இடத்துக்கே வரவில்லை’, ‘போலி ட்ரிப்’ என்றால் ஃபாஸ்டேக் கணக்குதான் தங்கம். ஓமலூர், வைகுந்தம், மேட்டுப்பட்டி போன்ற சுங்கச்சாவடி தாண்டியிருந்தால் பிளாசா பெயரும் நேரமும் பேங்க் தரும் ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும். அது நீங்கள் தயாரித்த ஆதாரம் அல்ல, அதனால்தான் மதிப்பு. ஏற்காடு சவாரிக்குச் சுங்கம் வராது. அங்கே பெட்ரோல் பங்க் பில், யுபிஐ ரசீது, கூகுள் டைம்லைன் எது இருக்கிறதோ அது.

தகாத நடத்தை, தகராறு, தாக்கினார் என்ற புகாருக்கு டேஷ் கேமராவின் ஒலிப்பதிவு, அப்போது கஸ்டமர் அனுப்பிய சாட், ட்ரிப்புக்குப் பின் அவர் கொடுத்த ரேட்டிங். கஸ்டமர்தான் அடித்தார், பணம் தராமல் போனார் என்றால் அன்றே ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்குப் போலீஸ் தரும் சீட்டு) வாங்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அந்தக் கஸ்டமருக்கு நேரடியாகப் போன் போடாதீர்கள், ‘புகாரை வாபஸ் வாங்குங்க’ என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு போன், திறக்கவிருந்த ஐடியை நிரந்தரமாக மூடிவிடும்.

பழைய வழக்கு ஒன்று சரிபார்ப்பில் தலைகாட்டினால், விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை நீதிமன்றத்தில் எடுத்து இணையுங்கள். ‘கேஸ் முடிஞ்சிருச்சு சார்’ என்ற வாய் வார்த்தை நிற்காது.

முறையீட்டை எழுதுவது

ஒரே டிக்கெட். தினமும் புது டிக்கெட் போட்டால் பழையதை மூடிப் புதியதை வரிசையின் கடைசியில் போடுவார்கள். பழைய டிக்கெட்டிலேயே பதில் எழுதுங்கள். தமிழில் எழுதலாம், ஆனால் மொழிபெயர்ப்பு இயந்திரம் வழியாகப் படிக்கப்படலாம் என்று நினைத்து எழுதுங்கள். ‘மேல போட்டுக் குடுங்கன்னு கேக்கவே இல்ல சார்’ என்பது இயந்திரத்தில் வேறு எதுவோ ஆகும். ‘நான் கூடுதல் பணம் கேட்கவில்லை’ என்று எழுதினால் சரியாகப் போகும். சின்ன வாக்கியம், ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம். மாதிரி இது:

“பொருள்: கணக்கு நிறுத்தம் மறுபரிசீலனை. ஓட்டுநர் எண் ____. வண்டி எண் ____.
எனது கணக்கு ____ தேதி ____ மணிக்கு நிறுத்தப்பட்டது. காட்டப்பட்ட காரணம்: ‘____’.
சம்பந்தப்பட்ட ட்ரிப் எண் ____. புறப்பட்ட இடம் ____. சேர்ந்த இடம் ____.
நடந்தது: (அதிகம் போனால் ஐந்து வாக்கியம், நேர வரிசையில்.)
இணைப்பு 1: ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட். ____ மணிக்கு வண்டி ____ சுங்கச்சாவடியில் இருந்தது.
இணைப்பு 2: கிலோமீட்டர் மீட்டர் படம், நேரத்துடன்.
கோரிக்கை: ட்ரிப் எண் ____ இன் ஜிபிஎஸ் பதிவையும் சாட் பதிவையும் ஒரு நபர் பார்வையிட வேண்டும். கணக்கைத் திறக்க வேண்டும். மறுத்தால், எந்த விதி மீறப்பட்டது என்பதை எழுத்தில் தர வேண்டும்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எழுத்தில் வந்த மறுப்புதான் அடுத்த படிக்கு நுழைவுச் சீட்டு. காரணம் சொல்லப்படவே இல்லை என்றால், ‘காரணம் தெரிவிக்கப்படவில்லை’ என்று அந்த இடத்தில் எழுதுங்கள். நீங்களாக ஊகித்து ‘ஒருவேளை அன்னிக்கு நடந்ததாலயோ’ என்று அவர்களுக்குத் தெரியாத ஒன்றை எடுத்துக் கொடுக்காதீர்கள். வீட்டுக் கஷ்டம், வண்டித் தவணை, பிள்ளைகள் ஃபீஸ் பற்றி ஒரு வரி கடைசியில் போடலாம். முதலில் போட்டால் அதற்குக் கீழே படிக்க மாட்டார்கள். தப்பு உண்மையிலேயே நம் பக்கம் என்றால் மறைக்க வேண்டாம்: முதல் முறை, இத்தனை ட்ரிப்பில் இத்தனை ரேட்டிங், இனி இப்படிச் செய்கிறேன் என்று நேராக எழுதுவது சில நேரம் திறக்க வைக்கும், ஐடி கைமாற்றிய வழக்கைத் தவிர.

பதில் வராவிட்டால்

ஏழு நாள் பொறுங்கள். பிறகு குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல். செயலியின் விதிமுறைகள் அல்லது தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் முகவரி இருக்கும். 2021-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் இடைத்தரகு இணைய நிறுவனங்கள் புகாரை 24 மணி நேரத்தில் பெற்றதாக ஒப்புக்கொண்டு, குறித்த கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. ‘இது அதில் வராது’ என்று நிறுவனம் வாதாடலாம். இருந்தாலும் அந்த மின்னஞ்சல் ஹெல்ப் சாட்டுக்கு வெளியே உள்ள ஒரு மேசைக்குப் போகிறது. அதற்காகவே அனுப்ப வேண்டும்.

சட்டத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்துவைத்தால் வீண் அலைச்சல் மிச்சம். மோட்டார் வாகனச் சட்டம் 93-ம் பிரிவு 2019 திருத்தத்துக்குப் பின் செயலி நிறுவனங்களுக்கு உரிமம் வேண்டும் என்கிறது. மத்திய அரசு 2025 ஜூலையில் புது வழிகாட்டுதல் வெளியிட்டது: சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் 80 சதவீதம், காரணமில்லாத கேன்சலுக்குக் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம். வழிகாட்டுதலை மாநிலம் ஏற்றால்தான் அது கட்டுப்படுத்தும். கர்நாடகாவில் 2025-ல் வந்த கிக் தொழிலாளர் (செயலி வழி வேலை செய்பவர்) சட்டம், எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. பெங்களூருக்கு அவுட்ஸ்டேஷன் ஓட்டுபவர்கள் அதைக் கேள்விப்பட்டு இங்கே காட்டுகிறார்கள். அந்தச் சட்டம் சேலத்தில் செல்லாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும், தமிழ்நாட்டின் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர் நல வாரியமும் நலத்திட்டத்துக்கானவை. வாரியத்தில் பதிவு செய்துவிடுங்கள், விபத்து உதவிக்கு வேண்டும். அது ஐடியைத் திறக்கும் சாவி அல்ல.

உண்மையில் பயன்படுவது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. அஸ்தம்பட்டியில் உள்ள நீதிமன்ற வளாகத்தில் போய் வழக்குக்கு முந்தைய மனு கொடுக்கலாம், செலவில்லை. நிறுவனத்துக்கு நோட்டீஸ் போகும். அதை வாங்கியபின் நிறுவனத்தின் சட்டப் பிரிவில் ஒரு மனிதர் கோப்பைத் திறக்க வேண்டி வரும். நாம் கேட்பதும் அதைத்தான். இலவச சட்ட உதவி எண் 15100. மனுவோடு ஸ்கிரீன்ஷாட், டிக்கெட் எண்கள், மறுப்புக் கடிதம், கடைசி மூன்று மாத வருமான ஸ்டேட்மென்ட் வையுங்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதாக இருந்தால் முதலில் செயலியோடு போட்ட ஒப்பந்தத்தில் நடுவர் மன்றப் பிரிவு (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் தீர்க்கும் நிபந்தனை) இருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் தனி ஆளாக மனு கொடுப்பதால் பெரிதாக நடக்காது. ஒரே காரணத்துக்காக இருபது பேர் ஐடி போயிருந்தால் ஒரே மனுவாகக் கொடுங்கள், நகல் ஆர்.டி.ஓ.வுக்கும் தொழிலாளர் துறைக்கும்.

‘ஓபன் பண்ணித் தர்றோம்’

வாட்ஸ்ஆப் குரூப்பில் இப்படி ஒருவர் வருவார். இரண்டாயிரம், மூவாயிரம் கேட்பார். ஓ.டி.பி. கேட்பார். ஓ.டி.பி.யோடு போவது வாலட்டில் உள்ள பணமும் உங்கள் பேங்க் கணக்கு இணைப்பும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கும். சிலர் போலிப் போலீஸ் சான்று, திருத்திய இன்ஷூரன்ஸ் தயாரித்து ஏற்றித் தருவார்கள். அது ஒரு மாதம் ஓடும். பிடிபட்டால் கணக்கோடு போகாது, போலி ஆவண வழக்காகும்.

திறந்த பிறகு

திறந்ததாக வந்த மின்னஞ்சலைப் பிடிஎஃப்-ஆகச் சேமியுங்கள். அடுத்த முறை அதே புகார் வந்தால், ‘இது ஏற்கெனவே விசாரித்து முடிந்தது’ என்பதற்கு அதுதான் சான்று. ஆன்லைன் போகும் முன் பேங்க் கணக்கு, பேப்பர் பட்டியல், வண்டி எண் மூன்றும் பழையபடி இருக்கிறதா என்று பாருங்கள். திறக்கும்போது பேங்க் விவரம் அழிந்துபோவது உண்டு, வார இறுதியில் பணம் வராதபோதுதான் தெரியும். முதல் ஒரு வாரம் ஊருக்குள் சின்ன டிராப் எடுங்கள். மலைச் சவாரி, அவுட்ஸ்டேஷன் எல்லாம் ரேட்டிங் கொஞ்சம் ஏறிய பிறகு.